புதுப்பிப்பு: பள்ளியில் மாட்டு நாள், கறவைப் பயிற்சி என்ன ஆனது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: வேளச்சேரியில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேருக்குப் பால் கறக்கப் பழக்க வேண்டும்; நிஜ மாட்டில் அத்தனை கை பட்டால் மிரளுமே, என்ன செய்வது?

கையுறை யோசனைதான் பலித்தது. ரப்பர் கையுறையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, வாயை இறுகக் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டோம். விரல் நுனியில் ஓட்டை தையல் ஊசியால்தான் போட வேண்டும். கோணி ஊசியால் போட்டவை தானாகவே ஒழுகித் தீர்ந்தன. பிள்ளைகள் முதலில் இழுக்கத்தான் பார்ப்பார்கள், இழுத்தால் வராது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே இறுக்கிப் பிடித்தால்தான் உள்ளே இருப்பது திரும்ப மேலேறாது. பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினால் பீய்ச்சும்.

பசுவும் கன்றும் வேப்பமர நிழலில், ஐந்தைந்து பேராகப் பார்க்க மட்டும். பின்பக்கம் யாரும் போகாதபடி கயிறு.

எதிர்பாராதது, கறவையைவிட அசைபோடுவதே பிள்ளைகளை இழுத்தது. கவளம் கழுத்தில் மேலேறுவது கண்ணுக்கே தெரியும். மேல்தாடையில் முன்பல் இல்லை என்றால் நம்பவே மாட்டார்கள்! இதற்காகக் காலை 7 மணிக்கே வைக்கோல் போட்டுவிடுங்கள். தின்று ஓய்ந்த பிறகுதான் அசைபோடும்.

சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே தின்பண்டம். பால் காய்ச்சியது மட்டும், பச்சைப்பால் கூடாது.