வார்டில் கேட்கும் ஆங்கில மரபுத்தொடர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

குடியாத்தம் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது வேலூரில் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெரியவரைச் சென்ற வாரம் பரிசோதித்த மருத்துவர், "ஹி இஸ் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் எட்" என்றார். காட்டை விட்டு வந்தவருக்கு நகரம் இன்னும் பழகவில்லை என்கிறார் போலும் என்று எண்ணி, அவருடைய மகளிடம், "அப்பாவுக்கு ஊர் ஏக்கம்தான், பயப்படாதீர்கள்" என்று தைரியம் சொல்லிவிட்டேன். மறுநாள் பொருள் தெரிந்தபோது பதறிப்போனேன். இத்தகைய தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதா, வேறு வழி உண்டா?

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
பதற வேண்டாம், அம்மா. "இன்னும் கண்டம் தாண்டவில்லை" என்று நாம் சொல்வதைத்தான் அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். தமிழ் புதிதாகக் கற்பவர் நம் தொடரைக் கேட்டால், ஆசியாவைத் தாண்டவில்லை என்றுதான் எண்ணுவார். ஆகவே சொல்லுக்குச் சொல் பார்க்காமல், அதே சூழ்நிலையில் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று தேடுங்கள். "அண்டர் தி வெதர்" என்றால் உடம்பு சற்றுச் சரியில்லை. வானிலைக்கு அதில் வேலையில்லை. "டச் அண்ட் கோ" என்றால் இழுபறி நிலை, "ஆன் தி மெண்ட்" என்றால் தேறி வருகிறார். "கிளீன் பில் ஆஃப் ஹெல்த்" என்பதில் வரும் பில் மருத்துவமனைக் கட்டணம் அன்று. புறப்படும் துறைமுகத்தில் தொற்றுநோய் இல்லை என்று கப்பல்களுக்கு முற்காலத்தில் வழங்கிய சான்றிதழிலிருந்து வந்த தொடர் அது.

பொருளோடு, யாரிடம் சொல்லலாம் என்பதையும் கற்க வேண்டும். "கிக் தி பக்கெட்" என்பதற்கு இறந்துபோதல் என்றே அகராதியில் இருக்கும். ஆனால் அது நம் "மண்டையைப் போட்டான்" என்பதற்கு இணையானது. துக்க வீட்டில் அப்படிப் பேசுவோமா? அங்கே "காலமானார்" என்பதற்கு நிகரான "பாஸ்ட் அவே" தான் பொருந்தும்.

ஆம்பூர், தோல் ஏற்றுமதி அலுவலகப் பணியாளர்:
ஐயா சொல்வது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் "டோண்ட் கட் கார்னர்ஸ்" என்று எழுதியிருந்ததைப் படித்து, தோலின் ஓரங்களை வெட்டாமல் அனுப்பச் சொல்கிறார் என்றே எங்கள் பிரிவில் எல்லோரும் நம்பினோம். வேலையை ஒப்பேற்றாதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

காட்பாடி, மூத்த செவிலியர்:
தங்கையே, நம் தொடரைப் போலவே தோன்றுபவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்" என்பது நம் "கைகழுவுதல்" தான். ஆனால் "புல்லிங் மை லெக்" என்பது காலை வாருவது அன்று, வெறும் கேலி. வார்டில் ஒரு தொடர் விளங்காவிட்டால், அங்கேயே "டாக்டர், புரியவில்லை" என்று கேட்டுவிடுங்கள். தெளிவாகும் வரை உறவினரிடம் எதையும் சொல்லாதீர்கள்.

குடியாத்தம் மாணவி:
அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு, அந்த மகளிடம் போய், நான் முன்பு சொன்னது தவறு என்றும், கண்டம் தாண்ட இன்னும் சில நாட்கள் ஆகும் என்றும் சொன்னேன். "இப்போதுதான் எனக்கு விளங்குகிறது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.