புதுப்பிப்பு: செபோராவோடு நிற்கவில்லை

அழகுப்பொருள் விற்கும் செபோரா 2022இல் கலிபோர்னிய அரசுக்கு 12 லட்சம் டாலர் கட்டியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 'என் தகவலை விற்காதே' என்று பிரவுசர் அனுப்பும் சமிக்ஞையை அது மதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒரு கடையைப் பிடித்ததோடு அரசு ஓய்ந்துவிடும் என்றும் எழுதினேன். என் கணிப்பு பொய்த்துவிட்டது.

2025 மார்ச்சில் ஹோண்டாவின் அமெரிக்க நிறுவனத்துக்குக் கலிபோர்னியாவின் தனியுரிமை முகமை 6,32,500 டாலர் அபராதம் விதித்தது. காரணம்தான் வேடிக்கை. தகவலை விற்காதீர்கள் என்று சொல்ல வந்தவரிடமே பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் என்று படிவம் நீட்டியிருக்கிறார்கள்! நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் குக்கிகளை ஏற்க ஒரு சொடுக்கு போதும், மறுக்கவோ இரண்டு. அந்த ஒரு சொடுக்கு வித்தியாசத்தையும் குற்றமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே ஆண்டு ஜூலையில் உடல்நலக் கட்டுரைகள் வெளியிடும் ஹெல்த்லைன் தளம் கலிபோர்னிய அரசுக்கு 15.5 லட்சம் டாலர் கட்ட உடன்பட்டது. வாசகர் படித்த கட்டுரைத் தலைப்புகள் விளம்பர நிறுவனங்களுக்குப் போயின. நோய் இன்னதென்று அந்தத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட தொகை சில்லறைதான் என்று முன்பு வாதிட்டவர்கள் ஹோண்டா விஷயத்திலும் அதையே சொல்லலாம். மறுக்கமாட்டேன். ஆனால் படிவத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.