பாதையின் மறுபுறத்தில் இஞ்சின் தயங்குகிறது

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த இரண்டு தேக்குக் கதவுகளை இணைத்து, 6 அடிக்கு 4 அடிப் பரப்பில் 1:87 அளவுள்ள மாதிரி ரயில் சுற்றுப்பாதையை மூன்று மாதங்களாக அமைத்து வருகிறேன். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., வளைவின் ஆரம் 18 அங்குலம், தண்டவாளம் வழியே இஞ்சினுக்குச் செல்லும் மின்சாரம் 12 வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்). தண்டவாளமும் அதன் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளும் பிறர் பயன்படுத்தியவை.

மின்கம்பி சேரும் இடத்தில் சீராக ஓடும் இஞ்சின், நேர் எதிர்ப்புறம் சென்றதும் தளர்ந்து, சில வேளை நின்றே விடுகிறது. தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தகடுகளை இறுக்கி, இரவல் இஞ்சினையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஓடும்போது அங்கே மல்டிமீட்டர் 7 வோல்ட்தான் காட்டுகிறது. எல்லா இணைப்புகளையும் ஈயத்தால் பற்றவைத்தால் நம்மூர்க் கோடையில் தண்டவாளம் விரிந்து நெளியும் என்று அஞ்சுகிறேன். கையில் இருப்பதோ 500 ரூபாய்.

பற்றவைப்பதைத் தவிர்த்து, எதிர்ப்புறத்திற்குத் தனியாக ஒரு மின்கம்பி இணை இழுத்தால் மட்டும் போதுமா?