முட்டையில்லாத பிரவுனி: நடு வேகுதேயில்லை, ஆராவது சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார். அண்ணாவின்ர மகள் சனிக்கிழமை மெல்பேர்னில இருந்து வாறாள். பிள்ளை இப்ப வீகனாம். முட்டை மட்டுமில்லை, பால், பட்டர், தேனும் இல்லை. அம்மா "சைவம்தானே, தயிர் போடு" எண்டு நிக்கிறா. விளங்கப்படுத்திக் களைச்சுப் போனன்.

வெள்ளவத்தையில ஒரு பிரவுனி மிக்ஸ் பெட்டி வாங்கினன். பால்மா சேரேல்லை எண்டு பின்பக்கம் வாசிச்சுப் பாத்துத்தான் எடுத்தனான். 2 முட்டை, அரைக் கப் எண்ணெய், கால் கப் தண்ணி கேக்குது.

முதல்தரம் முட்டைக்குப் பதிலா வாழைப்பழம் மசிச்சுப் போட்டன். பிரவுனி இல்லை, சொக்லேட் நிறத்தில வாழைப்பழக் கேக்! ரெண்டாந்தரம் ஆளிவிதை. ஒரு முட்டைக்கு 1 மேசைக்கரண்டி தூளும் 3 மேசைக்கரண்டி தண்ணியும் கலந்து, கொழகொழ எண்டு வரும்வரை வச்சுத்தான் ஊத்தினன். 180 பாகையில 40 நிமிசம். ஓரம் கல்லு, நடு களி. கத்தி விட்டா மா அப்பிக்கொண்டு வருது. ருசி எண்டா நல்லம், கரண்டியால வழிச்சுத் திண்டு முடிச்சம்.

பெட்டியில சொன்ன கால் கப் தண்ணியைக் குறைக்கவேணுமோ? இல்லாட்டி தட்டு சின்னனோ? ரின்னில வாற கொண்டைக்கடலை ஊறின தண்ணியை நுரைக்க அடிச்சு ஊத்தினா மேல அந்த மினுங்கல் தோல் வருமோ? தேங்காயெண்ணெய் விட்டா மணக்குமோ?

மிச்சம் ஒரு பெட்டிதான் கிடக்கு. செய்து பாத்த ஆக்கள் அளவோட எழுதுங்கோ.