வேல்ஸ் குன்றில் ஹெதர் பூப்பதைப் பார்க்க வேண்டும்

காரைக்குடி ஆச்சி:
மகள் லிவர்பூலில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் போகிறேன். பக்கத்தில் வேல்ஸில் குன்றெல்லாம் ஹெதர் என்ற குறுஞ்செடி ஊதாவாகப் பூத்திருக்குமாமே? பிரான்மலை ஏறிப் பழகிய கால்கள்தாம். கூட்டம்தான் எனக்கு ஆகாது. எந்தக் குன்றுக்குப் போகலாம்?

தேவகோட்டைத் தம்பி:
சரியான பருவம், ஆச்சி. க்ளூயிடியன் மலைத்தொடருக்குப் போங்கள். எல்லோரும் 554 மீட்டர் உயரமுள்ள மோயல் வாமாய்க்குத்தான் போவார்கள். நீங்கள் சற்று வடக்கே மோயல் ஆர்தருக்குப் போங்கள். 456 மீட்டர்தான், உச்சியில் இரும்புக்காலத்து மண்கோட்டை இருக்கிறது. கட்டாயம் ஓரிடத்தில் குனிந்து பாருங்கள். தூரத்தில் ஒரே ஊதாவாகத் தெரிவது, கிட்டத்தில் அரிசி மணி அளவுப் பூக்கள். செடிக்குச் செடி தேனீ. தண்டு குச்சிபோல் விறைத்திருக்கும், சேலைக் கரை மாட்டிக்கொள்ளும். எனக்கு அந்தத் தேனீ இரைச்சலுக்காகவே மறுபடி போக வேண்டும் போலிருக்கிறது.

புதுவயல் வாசகர்:
குடை உதவாது, காற்று மடக்கிவிடும். மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் வேண்டும்.

காரைக்குடி ஆச்சி:
நல்லது தம்பி. மேலே டீக்கடை உண்டா?

தேவகோட்டைத் தம்பி:
கிடையாது ஆச்சி. பிளாஸ்க்கில் காப்பியும் ஒரு டப்பா சீப்புச் சீடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.