ஸ்கூல் ஏன் இஸ்கூல் ஆகுது, பிளாஸ்டிக் மட்டும் ஏன் இப்ளாஸ்டிக் ஆகல?

தேன்மொழி22:
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற கேள்வி. ஹிந்தி பேசறவங்க நிறைய பேரு ஸ்கூல இஸ்கூல்னு சொல்றாங்க, ஸ்டேஷன் இஸ்டேஷன் ஆயிடுது. இப்ப ஸ்பானிஷ் கத்துக்கறேன், அங்கயும் பார்த்தா ஸ்கூலுக்கு எஸ்குவேலா, ஸ்டூடண்டுக்கு எஸ்தூதியாந்தே, நாட்டோட பேரே எஸ்பான்யா. எங்கயோ இருக்கற ரெண்டு மொழி எப்படி ஒரே எடத்துல உயிரெழுத்த ஒட்ட வைக்குது? ஆனா பிளாஸ்டிக்னு வந்தா மட்டும் அதே ஹிந்திக்காரங்க இப்ளாஸ்டிக்னு சொல்றதில்ல, நடுவுல இ போட்டு பிலாஸ்டிக்ங்கறாங்க. ஒரே வாய்ல ரெண்டு மாதிரி ஏன்? இன்னொண்ணு, கூட வேலை செய்யற ஒருத்தர் இஸ்டார்ட்னு சொன்னதுக்கு மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கே கஷ்டமா போச்சு. இது நிஜமாவே தப்பான உச்சரிப்பா?

மெய்ம்மயக்கம்:
தப்பே இல்லங்க. எந்த மெய் பக்கத்துல எந்த மெய் நிக்கலாம்னு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கணக்கு இருக்கு, அந்த கணக்குக்குள்ள வராத வார்த்தைய உள்ள கொண்டுவரத்தான் இந்த உயிர்.

உங்க கேள்வில இருக்கற அழகான விஷயம் அந்த ரெண்டு மாதிரிதான். ப்லா-ன்னு மெதுவா சொல்லிப் பாருங்க, ப் வாய மூடுது, ல் கொஞ்சம் தெறக்குது, ஆ முழுசா தெறக்குது, ஓசை ஏறிட்டே போகுது, அதனால ப்-க்கும் ல்-க்கும் நடுவுல ஒரு சின்ன இ நுழைஞ்சா காதுக்கு பெருசா தெரியாது. ஸ்டே அப்படி இல்ல. ஸ் நல்லா சத்தமா கேக்குது, ட் வந்ததும் டக்குன்னு அடைபடுது, அப்பறம் மறுபடி தெறக்குது. அந்த ஸ்-ட் ஒட்ட பிரிச்சா வார்த்தையே வேற மாதிரி ஆயிடும், முன்னாடி ஒரு இ வச்சா ஒட்டு கலையாம அப்படியே இருக்கும். பாலி மொழிலயே ரெண்டும் இருக்கு பாருங்க: சமஸ்கிருத ஸ்த்ரீ அங்க இத்தீ, ஸ்நேஹ வந்து சினேஹ. நாமளும் சிநேகம்னுதான சொல்றோம், பத்மம் பதுமம் ஆனதும் இதே வேலைதான்.

பிரெஞ்சு கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். லத்தீன் ஸ்கோலா மொதல்ல எஸ்கோல் ஆச்சு, அப்பறம் ஸ் தேஞ்சு போய் எகோல்னு நின்னுடுச்சு. ஸ்-க்கு தொணையா வந்த எ இன்னிக்கும் இருக்கு, ஸ் இல்ல.

நிலாவெளிச்சம்:
சிரிச்சவங்களுக்கு இத சொல்லுங்க. 1999ல எம்மானுவேல் டூபூங்கற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. எப்ஸோ, எபுஸோன்னு அர்த்தமில்லாத சொல்லுங்க, நடுவுல இருக்கற உ-வ கொஞ்சம் கொஞ்சமா வெட்டி கடைசில சுத்தமா இல்லாம ஆக்கி போட்டுக் காட்டினா, உ இல்லாதப்பவும் ஜப்பான்காரங்களுக்கு பெரும்பாலும் உ இருக்கற மாதிரியே கேட்டுச்சு, பிரெஞ்சுக்காரங்களுக்கு அப்படி கேக்கல. அதாவது வாய் தடுமாறல, காதே அந்த உயிர சேர்த்துக்குது. அதே ஆய்வுல எபுஸோ, எபூஸோன்னு குறில் நெடில் வச்சு கேட்டப்ப தெணறினது பிரெஞ்சுக்காரங்க, ஜப்பான்காரங்க சுலபமா பிரிச்சுட்டாங்க. யார் காதும் எல்லாத்துக்கும் தெறந்து இருக்கறதில்ல.

ஜப்பானிய மொழில ஸ்ட்ரைக் ரெண்டு வார்த்தையா நுழைஞ்சிருக்கு, பேஸ்பால்ல சுதொராய்கு, வேலைநிறுத்தம்னா சுதொராய்கி. மத்த எடத்துல பெரும்பாலும் உ போடறவங்க த்-க்கு அப்பறம் ஒ போடறாங்க, ஏன்னா அங்க து வந்தா அது த்ஸு ஆயிடும்.

கல்லணை_குரல்:
மெய்ம்மயக்கம் சொன்னது பொதுவா சரி, ஆனா எல்லா எடத்துலயும் நிக்காது. பஞ்சாபில சகூல்னு நடுவுலதான் வரும், ஜப்பான்லயும் சுகூரு. அதனால காது மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், அந்தந்த மொழியோட பழக்கமும் இருக்கு. ஃபின்னிஷ் இன்னும் வேற மாதிரி, உயிர் சேர்க்கறதுக்கு பதிலா மெய்யவே வெட்டி விட்டுடும். ஜெர்மானிய மொழிங்கள்லேர்ந்து போன ஸ்ட்ராண்ட் (கரை) அங்க ரந்தா, க்ளாஸ் வந்து லாசி. ஜார்ஜிய மொழிக்கு எந்த உதவியும் வேண்டாம், க்வ்ப்ர்த்ஸ்க்வ்னின்னு ஒரு சொல், நீ எங்கள உரிக்கறன்னு அர்த்தம், உயிர் வர்றதுக்கு முன்னாடி எட்டு மெய் (த்ஸ் அங்க ஒரே மெய்).

தேன்மொழி22:
எல்லாருக்கும் நன்றி, அந்த காது சோதனைய கண்டிப்பா சொல்லப் போறேன். இன்னொரு சந்தேகம். நாமளும் காரு, பஸ்ஸு, ரோடு, கேட்டுன்னு கடைசில உ ஒட்டறோமே, செலதுல எழுத்து இரட்டிக்குது, செலதுல இல்ல. அதுக்கும் கணக்கு இருக்கா?

மெய்ம்மயக்கம்:
இருக்கு, ரெண்டு கணக்கு. கல் கல்லு ஆகுது, பால் பாலு ஆகுது இல்லயா, தனிக்குறிலுக்கு அப்பறம் இரட்டிக்கும், நெடிலுக்கு அப்பறம் இரட்டிக்காது, அதனால பஸ்ஸு, காரு.

ஆனா கேட்டுல நெடில் இருந்தும் இரட்டிக்குதே? அங்க வல்லினம் வேலை செய்யுது. ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை ட வந்தா நம்ம வாய்ல அது மென்மையா ஒலிக்கும், ஆங்கிலத்துல கேட் கடைசில இருக்கறது வன்மையான ஒலி, அத காப்பாத்தத்தான் ட்டு. ரோட் கடைசில மென்மையான ஒலி, ஒத்தை டு போதும். மேல போட்டுக்கற கோட் நமக்கு கோட்டு, ப்ரோக்ராமர் எழுதற கோட் கோடு. யாரும் சொல்லிக் குடுக்காமயே அந்த வித்தியாசத்த காப்பாத்திட்டு இருக்கோம்.