நீர் மாத்திரையை இரவில் போடுவதால் அம்மா தடுமாறுகிறார்: எந்த நேரத்தில் கொடுப்பது?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு இப்போது வயது 67. இதயம் பலவீனமடைந்து இரு கால்களிலும் நீர் கோத்ததால், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் காலையில் ஒன்று போடச் சொன்னார். வீக்கம் வற்றியது, மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஆனால், மாத்திரை போட்டுவிட்டுக் கீழே போகும் பேருந்தில் ஏறினால் குஞ்சப்பனை வருவதற்குள் சிறுநீர் முட்டுகிறது என்று, அம்மா தாமாகவே அதை இரவு உணவுக்குப் பிறகு என மாற்றிக்கொண்டார். எங்கள் லைன் வீட்டுக்குக் கழிப்பறை வெளியே இருக்கிறது. இந்தப் பனியில் இரவுக்கு நான்கு முறை எழுந்து போகிறவர், போன வாரம் வாசற்படியில் தலை சுற்றிச் சாய்ந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டேன். கெண்டைக்கால் சதை வேறு பிடித்து இழுக்கிறது. கணுக்காலில் வீக்கமும் திரும்பியிருப்பதால் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். என்ன செய்வது?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

தம்பி, இரண்டாவது மாத்திரை வேண்டவே வேண்டாம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு. தலைச்சுற்றலையும் சதைப் பிடிப்பையும் அவரிடம் தொலைபேசியில் இன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சிறுநீரோடு பொட்டாசியமும் சோடியமும் வெளியேறுகின்றன. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்பதால், ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் இது வெறும் சதைப் பிடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலை 7 மணிக்குப் போட்டால் பிற்பகலுக்குள் முடிந்துவிடும். இரவு 8 மணிக்குப் போட்டால் விடியும் வரை எழுப்பும். பயண நாளில் மட்டும் வீடு திரும்பிய பின் பிற்பகலில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மாலை 4 மணிக்கு மேல் நினைவு வந்தால் அன்றைய மாத்திரையை விட்டுவிட வேண்டும். மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது.

மாத்திரை போட்டும் வீக்கம் திரும்பினால், நான் முதலில் கேட்பது உப்பையும் வலி மாத்திரையையும்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இவற்றில் ஏதாவது தினமும் தட்டில் இருக்கிறதா? மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போடுகிறாரா? அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் பலனைக் குறைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பதில் (உதகை, மருந்தாளுநர்)

மாத்திரை அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஃபுரோசமைடுடன் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்த மாத்திரையும் உண்டு. அது பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும். அப்படியானால், சதை பிடிக்கிறதே என்று தினமும் இளநீரும் வாழைப்பழமும் கொடுப்பதும், சோடியம் குறைந்த உப்புக்கு மாறுவதும் ஆபத்தாக முடியலாம்; இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் (பத்து நாட்களுக்குப் பிறகு)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையில் ஃபுரோசமைடு மட்டுமே இருக்கிறது. செவிலியர் அம்மா கேட்டது அப்படியே சரியாக இருந்தது. முழங்கால் வலிக்காக அம்மா ஒரு மாதமாக டைக்ளோஃபினாக் போட்டுவந்திருக்கிறார். கேட்ட பிறகுதான் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டினார். பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று வந்தது; 3.5க்குக் குறையக் கூடாதாம். மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியம் மருந்து கொடுத்து, ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பயண நாளில் பிற்பகல் 2 மணிக்குப் போட்டுக்கொள்ளவும் அனுமதித்தார். நீர் மாத்திரை காலைக்குத் திரும்பியதிலிருந்து அம்மா இரவில் ஒருமுறைதான் எழுகிறார். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் மருத்துவரே அளந்து சொல்லிவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும் மீதி: காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மாத்திரையைத் தொடரலாமா?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

நல்ல வேளையாக இப்போதே கேட்டீர்கள். வாந்தியோ பேதியோ வந்து, குடித்தது உடலில் தங்காத நாளில் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பழுதடையலாம். அன்று அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நிறுத்தச் சொன்னால், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் குறித்துவாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், கால் வீங்கும் வரை காத்திராமல் கூப்பிட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ எடை பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்துவிடுங்கள்.